மயக்கம் வந்த பையனுக்கு சைனாக்கார ஷிஃபு கழுத்துல கரண்டியால சுரண்டினாரு, பிரவுன் மருந்து குடுத்தாரு. இதை ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டியில வைக்கலாமா?

மணமேல்குடி_ரவி

வணக்கம் மக்களே. சிங்கப்பூர்ல துவாஸ் பக்கம் ஒரு கட்டுமான சைட்ல சேஃப்டி கோஆர்டினேட்டரா இருக்கேன். போன வாரம் மதியம் ரெண்டரை மணி இருக்கும், கம்பி கட்டிட்டு இருந்த பையன் ஒருத்தன் தலை சுத்துதுன்னு உக்காந்தான், ரெண்டு நிமிஷத்துல வாந்தி. மீட்டர்ல வெட்பல்ப் குளோப் (சூடு, ஈரப்பதம், வெயில், காத்து எல்லாம் சேத்து கணக்கு பண்ற வெப்ப அளவு) 32 டிகிரி காட்டுச்சு, அதனால மணிக்கு 10 நிமிஷம் ரெஸ்ட் குடுத்துட்டு தான் இருந்தோம் (33 தாண்டினா 15 நிமிஷம், 2023 அக்டோபர்ல இருந்து இங்க அது ரூல்), அப்படியும் இப்படி ஆயிடுச்சு.

எங்க சைட்ல ஹெனான் மாகாணத்துக்காரர் ஒருத்தர் இருக்காரு, அறுபதை தொடப்போறாரு, எல்லாரும் ஷிஃபுன்னு (சைனீஸ்ல மேஸ்திரி, குரு மாதிரி) தான் கூப்பிடுவோம். அவரு ஓடி வந்து பையனை நிழலுக்கு கொண்டு போயி சட்டையை கழட்டி, தன்னோட சாப்பாட்டு பையில இருந்து பீங்கான் சூப் கரண்டி எடுத்து, கோடாலி தைலம் தடவி பின்கழுத்துலயும் முதுகுத்தண்டுக்கு ரெண்டு பக்கமும் மேல இருந்து கீழ ஒரே திசையில சுரண்ட ஆரம்பிச்சாரு. நாலஞ்சு இழுப்புலயே சிவப்பா புள்ளிபுள்ளியா வந்து அப்புறம் கத்தரிப்பூ கலர் ஆயிடுச்சு. அப்புறம் விரல் நீளத்துக்கு ஒரு குப்பி, அதுல ஸ்ட்ரா குத்தி குடிக்க வச்சாரு, நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம், சாராயமும் கசாயமும் கலந்த மாதிரி. அரைமணி நேரத்துல பையன் எந்திரிச்சு உக்காந்து பேசினான்.

ஷிஃபு சொன்ன ஒரே வார்த்தை "ச்சோங்ஷு". எனக்கு ரெண்டு கேள்வி. இது நிஜமா வேலை செய்யுதா, இல்ல தானா சரியாச்சா? அந்த குப்பியை சைட் பெட்டியில வாங்கி வைக்கலாமான்னு மத்தவங்க கேக்கறாங்க, என்ன சொல்றது? 40 பேரு என்னை நம்பி வெயில்ல நிக்கறாங்க, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஈப்போ_மல்லிகா

தம்பி அது குவா ஷா. நாங்க மலேசியாவுல ஈப்போவுல வளர்ந்தவங்க, பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி எங்க அம்மாவுக்கே பழைய காசை வச்சு சுரண்டி விட்டிருக்காங்க. வலிக்கும், ஆனா முடிஞ்சதும் தோள்ல இருந்து ஒரு மூட்டையை இறக்கி வச்ச மாதிரி இருக்கும்னு அம்மா சொல்வாங்க. எங்க ஊருல சூடு பிடிச்சா நேரா லியாங் தே கடைக்கு தான் போவோம், பித்தளை அண்டா மாதிரி பெருசா வச்சிருப்பாங்க, கசப்பு டீ ஒரு கிளாஸ் குடிச்சிட்டு அந்த கசப்பு போக ஒரு இனிப்பு பிளம் வாயில போட்டுக்கணும். பிள்ளைங்களுக்கு உடம்பு சுட்டா மூணு கால் படம் போட்ட கூலிங் வாட்டர், அது இல்லாத தமிழர் வீடு எங்க லைன்ல கிடையாது.

நம்ம பாட்டி "மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி"ன்னு சொல்றதும் அந்த ஆன்ட்டி "டுரியான் ஹீட்டி, மங்குஸ்தான் கூலிங்"னு சொல்றதும் ஒரே பாஷை தான் தம்பி, அதனால தான் நாங்க ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒருத்தர் மருந்தை ஒருத்தர் யோசிக்காம குடிச்சோம்.

வூஹான்_பேட்ச்2013

ரவி அண்ணே, நான் வூஹான்ல எம்பிபிஎஸ் படிச்சவன், இப்ப திருச்சியில இருக்கேன். எங்களுக்கு சைனீஸ் மெடிசின் ஒரு பேப்பர் உண்டு, அதோட நிக்காம ஆர்வத்துல ஒரு வயசான புரொஃபசர் பின்னாடியே சுத்திட்டு இருந்தேன், அதனால கொஞ்சம் விளக்கமா எழுதறேன், பொறுமையா படிங்க. வூஹான், சோங்சிங், நான்ஜிங் மூணையும் சைனாவுல "அடுப்பு ஊர்"னு சொல்வாங்க. ஏசி வர்றதுக்கு முந்தி கோடையில தெரு முழுக்க மூங்கில் கட்டிலை போட்டு குடும்பம் குடும்பமா வெளிய படுத்திருப்போம்னு அந்த புரொஃபசர் சொல்வாரு. வெக்கையோட பொழங்கின ஊரு அது.

முதல்ல அந்த வார்த்தை. "ஷு"ன்னா கோடை வெக்கை. "ச்சோங்"னா அம்பு குறியில பட்ட மாதிரி பட்டுட்டது. காத்து, குளிர், கோடை வெக்கை, ஈரம், வறட்சி, நெருப்புன்னு வெளியில இருந்து உடம்பை தாக்கறது ஆறுன்னு அவங்க கணக்கு, அதுல வெக்கை ஒண்ணு, அது பெரும்பாலும் ஈரத்தையும் கூட்டிக்கிட்டு தான் வரும்பாங்க (ஊர்ல நாம சொல்ற புழுக்கம்). இப்ப சிக்கல் என்னன்னா ஜனங்க பேச்சுல லேசா தலை சுத்தினாலும் ச்சோங்ஷு, நினைவு தப்பி வலிப்பு வந்தாலும் ச்சோங்ஷு. ஆஸ்பத்திரியில உயிருக்கு ஆபத்தான கட்டத்துக்கு தனி பேரு இருக்கு, ர ஷ பிங். 2022 கோடையில ஷாங்காய்ல 40.9 டிகிரி, சோங்சிங்கோட பெய்பெய்ல 45 டிகிரின்னு அடிச்சப்ப தான் அந்த பேரு சாதாரண ஜனங்க வாயில நிறைய வந்துச்சு. உங்க ஷிஃபு சொன்னது முதல் வகை, நல்லவேளை.

அடுத்து குப்பி. நீங்க சொல்ற நாத்தத்தை வச்சு பாத்தா அது ஹுவோ ஷியாங் ஜெங் ச்சி ஷுய் தான், சைனாவுல கோடை வந்துட்டா வீடு, ஆபீஸ், பஸ் டிப்போன்னு எங்க பாத்தாலும் இருக்கும். மூலப் பொருள் பச்சோலி எண்ணெய். அந்த பச்சோலிங்கற பேரே நம்ம பச்சை, இலைங்கற சொல்லுல இருந்து போனதுன்னு அகராதிகள்ல போட்டிருக்கு, அதை படிச்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம். கூட காஞ்ச ஆரஞ்சு தோல், பாக்கு உரிமட்டை, இன்னும் சில வேர்கள். சோங் ராஜவம்சத்துல அரசாங்க மருந்துக்கடைக்குன்னு தொகுத்த நூல்ல இருந்து வந்த பழைய கூட்டு.

ஆனா அண்ணே, அது வெயில் அடிச்சவனுக்கான மருந்தே இல்ல. இதை நான் சொல்லல, சைனீஸ் மருத்துவமே சொல்லுது. மிங் காலத்துல ஜாங் ஜிங்யுவேன்னு ஒரு பெரிய வைத்தியர் இருந்தாரு (1563ல பொறந்தவர்), அவரு வெக்கை நோயை ரெண்டா பிரிச்சாரு, யின் ஷு, யாங் ஷு. கோடையில வெக்கை தாங்காம குளிர்ச்சியா எதையாவது குடிச்சு, குளிர்ந்த இடத்துல படுத்து, அதனால குளிர் பிடிச்சு வயிறு மந்தமாகி வாந்தி பேதி, குளிர் நடுக்கம்னு வர்றது யின். வெயில்ல நின்னு வேலை செஞ்சு உடம்பு கொதிச்சு தாகம் எடுத்து வேர்த்து ஊத்தறது யாங். ஹுவோ ஷியாங் முதல் வகைக்கு, அதுல இருக்கறதெல்லாம் உள்ளுக்குள்ள சூடு குடுத்து ஈரத்தை விரட்டற சரக்கு. ரெண்டாவது வகைக்காரனுக்கு அதை குடுத்தா எரியற நெருப்புல எண்ணெய் ஊத்தின கதை. எங்க புரொஃபசர் ஒவ்வொரு கோடையிலயும் இதையே தொண்டை வறள சொல்லிட்டு இருப்பாரு, வெளிய மருந்துக்கடையில கூட்டம் குப்பி வாங்கிட்டு போயிட்டே இருக்கும்.

அதுல இன்னொண்ணு, 40 முதல் 50 சதவீதம் ஆல்கஹால். ஏற்கனவே வேர்த்து தண்ணி வத்திப்போன உடம்புக்கு அது வேணுமா சொல்லுங்க. உங்க பையன் எந்திரிச்சது நிழல், சட்டையை கழட்டினது, வேலையை நிறுத்தினது, இதனால தான்னு எனக்கு தோணுது.

நாட்டுமருந்து_பிரியன்

டாக்டர் தம்பி, நீங்க சொல்றதை மதிக்கறேன். ஆனா ரெண்டாயிரம் வருஷமா கோடையில வயல்ல நின்ன ஜனங்க, நிஜமான வெப்ப வாதத்துக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) ஒரு மருந்தும் வச்சிருக்க மாட்டாங்களா? அலோபதி படிச்சதும் எல்லாரும் பாரம்பரியத்தை ஓரங்கட்டறது தான் எனக்கு மனசு கேக்கல. குப்பி தப்புன்னா சரியான மருந்து எது, அதையும் சொல்லணும்ல.

வூஹான்_பேட்ச்2013

நியாயமான கேள்விண்ணே, நான் ஓரங்கட்டல, எனக்கு அந்த மருத்துவத்து மேல பிரியம் ஜாஸ்தி.

வச்சிருந்தாங்க. சுமார் 1800 வருஷத்துக்கு முன்னாடி கிழக்கு ஹான் காலத்து ஜாங் ஜோங்ஜிங், வெயில் அடிச்சு உடம்பு காந்தி தாகம் எடுக்கறவனுக்கு வெள்ளைப்புலி கசாயத்துல ஜின்செங் சேத்து குடுக்க சொல்றாரு. ஜிப்சம் கல்லு, ஜிமு வேர், அதிமதுரம், அரிசி, அதோட ஜின்செங். நம்ம மல்லிகா அக்கா சொன்ன மூணு கால் தண்ணியிலயும் அதே ஜிப்சம் தான் பிரதானம், அதாவது அந்த வெள்ளைப்புலியோட கல்லு தான் ஈப்போ பிள்ளைங்க வாயில போயிருக்கு.

அப்புறம் சிங் காலத்துல வாங் மெங்யிங், 1852ல காய்ச்சல் நோய்கள் பத்தி பெரிய நூல் எழுதினவரு. அவரு தர்பூசணியை இயற்கையே குடுத்த வெள்ளைப்புலி கசாயம்னு சொன்னாரு. அவரோட வெக்கை கசாயத்துல தர்பூசணியோட பச்சை தோலையும் தாமரை தண்டையும் சேப்பாரு. பாருங்க, நாம தின்னுட்டு தூக்கி போடற தோலு. வியர்வை ஊத்தி ஊத்தி ஆளு துவண்டு போனதுக்கு அப்புறம் தேத்தறதுக்கு ஷெங் மாய் சான்னு ஒண்ணு, ஜின்செங்கும் ஓமிஜாங்கற சின்ன சிவப்பு பழமும் மாய்மென் கிழங்கும்.

நினைவு தப்பிட்டா? அதுக்கு ஆன் கோங் நியூ ஹுவாங் உருண்டை, 1798ல வூ ஜுதோங் எழுதுன நூல்ல வருது. நியூ ஹுவாங்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம கோரோசனை. அதுல பாதரசம் உள்ள சாதிலிங்கமும், ஆர்செனிக் உள்ள மனோசிலையும் சேரும். அந்த காலத்துல சாகப்போறவனை எழுப்ப கையில இருந்த கடைசி ஆயுதம் அது. அவங்களுக்கு ட்ரிப்பும் கிடையாது, ஐசியூவும் கிடையாது, இருந்ததை வச்சு போராடினாங்க. இன்னிக்கு நினைவு தப்பினவன் தொண்டையில உருண்டையை கரைச்சு ஊத்தினா அது நுரையீரலுக்கு தான் போகும்.

அவசரப்பிரிவு_கீதா

சென்னையில எமர்ஜென்சியில வேலை பாக்கறேன். மேல தம்பி எழுதினதுல கடைசி வரியை எல்லாரும் இன்னொரு தடவை படிங்க, நான் அதை கண்ணால பாத்திருக்கேன். மே மாசம் ஒரு தாத்தாவை கொண்டு வந்தாங்க, மயங்கினதும் வாயில மோர் ஊத்தியிருக்காங்க, பாசத்துல தான், ஆனா மூச்சுக்குழாய் பூரா மோர்.

ரவி, நீங்க பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு தான், மூளை. பேரை கேளுங்க, என்ன கிழமைன்னு கேளுங்க. பதில் குழறினாலோ, சம்பந்தமில்லாம கத்தினாலோ, தள்ளாடினாலோ, ஃபிட்ஸ் வந்தாலோ அது ஹீட் ஸ்ட்ரோக். உள்ளுடம்பு 40 டிகிரியை தாண்டியிருக்கும். வேர்வை நின்னா தான் ஹீட் ஸ்ட்ரோக்குன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அதை விட்டுடுங்க, கம்பி கட்டற ஆளு மாதிரி உழைச்சு விழறவங்களுக்கு உடம்பெல்லாம் வேர்வையோடவே வரும். பாராசிட்டமால் குடுக்காதீங்க, இது காய்ச்சல் இல்ல, அந்த மாத்திரை இதுல இறங்காது, ஏற்கனவே அடி வாங்கின கல்லீரலுக்கு இன்னொரு சுமை.

ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க, ஆனா வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. முதல்ல குளிர வைக்கணும், அப்புறம் தான் தூக்கிட்டு போகணும். கழுத்து வரைக்கும் ஐஸ் தண்ணி தொட்டி தான் பெஸ்ட். அமெரிக்காவுல ஃபால்மௌத்னு ஒரு கோடை ஓட்டப்பந்தயம், அங்க 18 வருஷத்துல 274 பேரு ஹீட் ஸ்ட்ரோக் ஆகி விழுந்திருக்காங்க, பக்கத்துலயே வச்சிருந்த ஐஸ் தொட்டியில உடனே போட்டதால 274 பேரும் பிழைச்சாங்க. இதை நான் ஜூனியர்ஸ்கிட்ட சொல்லும்போதெல்லாம் எனக்கு புல்லரிக்கும். சைனாவுலயும் இப்ப முதல் அரைமணியை தங்க அரைமணின்னு தான் டாக்டர்கள் சொல்றாங்க.

தொட்டி இல்லையா, சைட்ல தார்ப்பாய் இருக்கும்ல? ஆளை நடுவுல படுக்க வச்சு நாலு மூலையையும் தூக்கி பிடிச்சு தூளி மாதிரி ஆக்குங்க, ஐஸும் தண்ணியும் கொட்டி இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆட்டுங்க, தலை மட்டும் தண்ணிக்கு மேல ஒருத்தர் கையில இருக்கணும். குவா ஷாவுல எனக்கு இருக்கற ஒரே பயம், அந்த பத்து நிமிஷம். தலைசுத்தலோட நிக்கற ஆளுக்கு சுரண்டினா பெருசா கெடுதல் இல்ல, அது தோலுக்கு அடியில சின்ன ரத்தக்குழாய் உடைஞ்ச தடம், சில நாள்ல போயிடும். குழறிப்பேசற ஆளுக்கு சுரண்டிட்டு இருந்தீங்கன்னா அந்த பத்து நிமிஷமும் மூளை வெந்துட்டு இருக்கு. பத்து விரல் நுனியிலயும் ஊசி குத்தி ரத்தம் எடுக்கறதுன்னு ஒரு முறை உண்டே, அதுக்கும் இதையே தான் சொல்வேன்.

ஈப்போ_மல்லிகா

டாக்டரம்மா, அம்மாவுக்கு இப்ப 74, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாங்க. தோள் வலின்னா இன்னும் அந்த ஆன்ட்டி மக சுரண்டி விடறா. பண்ணலாமா?

அவசரப்பிரிவு_கீதா

வேண்டாம்மா. அந்த மாத்திரையோட சுரண்டினா ரத்தம் கட்டிக்கிட்டு பெரிய கன்னிப்போன தடமா நிக்கும், தோல் கிழிஞ்சா நிறுத்தறது கஷ்டம். தைலம் தடவி கையால நீவி விட சொல்லுங்க.

குவாங்சோ_ஜவுளி

லேட்டா வந்துட்டேன், 14 வருஷமா குவாங்சோவுல ஏற்றுமதி பண்றேன். டாக்டர் தம்பி சொன்ன ஆல்கஹால் விஷயத்துல ஒண்ணு சேக்கணும். எனக்கு தெரிஞ்ச ஒருத்தருக்கு பல்லு வீங்கி மெட்ரோனிடசோல் மாத்திரை ஓடிட்டு இருந்துச்சு, வெயில்ல சுத்திட்டு வந்து அந்த குப்பி ஒண்ணு குடிச்சாரு, கால் மணியில முகம் மொளகா பழம் மாதிரி சிவந்து நெஞ்சு படபடன்னு அடிச்சு மூச்சு வாங்கி, நாங்க பயந்தே போயிட்டோம். செஃபோபெரசோன் மாதிரி சில ஆண்டிபயாட்டிக் ஊசிக்கும் இதே கதி, ஆல்கஹால் எந்த ரூபத்துல போனாலும் ஒத்துக்காது. சைனாவுல இதனால செத்தவங்களே உண்டு. வண்டி ஓட்டறவங்க குடிச்சா போலீஸ் மெஷின்லயும் காட்டும். ஆல்கஹால் இல்லாத வாய்வழி திரவம்னு தனியா விக்குது, டப்பாவுல பேரோட கடைசி எழுத்துகள் மட்டும் தான் வித்தியாசம், பாத்து வாங்கணும். ஷி தி ஷுய்னு (பத்து சொட்டு தண்ணின்னு அர்த்தம்) இன்னொரு குப்பியும் ஓடும், அதுல கற்பூரம், சுக்கு எல்லாம் ஆல்கஹால்ல ஊறினது, கர்ப்பமா இருக்கறவங்க தொடவே கூடாது.

இங்க கடைத்தெருவுல எனக்கு பிடிச்சது லியாங் ச்சா தான் (மல்லிகா அக்கா சொன்ன லியாங் தே). வாங் லாவ் ஜி 1828ல இந்த ஊர்ல ஆரம்பிச்சது, இப்ப சிவப்பு டின்ல இனிப்பா வருது, அதுல நம்ம ஊர் கோயில் பக்கம் இருக்கற பெருங்கள்ளிப் பூ சேருதுன்னு தெரிஞ்சப்ப ஆச்சரியமா இருந்துச்சு. ஆனா டின்ல சக்கரை ஜாஸ்தி, நிஜமானது மூலைக்கடையில பேப்பர் கப்ல கறுப்பா சுட சுட குடுக்கற 24 சரக்கு கசாயம். எங்க குடோன்ல லோடு ஏத்தற பசங்க மதியம் ஆளுக்கு ஒண்ணு குடிப்பாங்க. அரசாங்க ரூல்படி 40 டிகிரிக்கு மேல வெளி வேலை நிறுத்தணும், 37ல இருந்து 40க்குள்ள மொத்தமா 6 மணி நேரத்துக்கு மேல கூடாது, 2012ல போட்டது. கசாயத்தை விட பசங்களை காப்பாத்தறது அந்த ரூல் தான்னு நான் நினைக்கறேன், அதை நடைமுறையில பிடிச்சு நிக்கணும், என் குடோன்ல நான் நிக்கறேன்.

நாட்டுமருந்து_பிரியன்

படிச்சிட்டு வரேன். வெயில் நோய்க்கு குளிர் பிடிச்சவன் மருந்தை குடுத்துட்டு இருக்காங்கன்னு அவங்க வைத்தியரே 400 வருஷம் முன்னாடி பிரிச்சு வச்சிருக்காரு, அது தான் எனக்கு உறைச்சது. பாரம்பரியத்தை சரியா படிச்சாலே குப்பியை குடுத்திருக்க மாட்டோம். கீதா அம்மா சொன்ன தார்ப்பாய் முறையை எங்க ஊர் நூறு நாள் வேலை பொறுப்பாளர்கிட்ட சொல்லியிருக்கேன்.

மணமேல்குடி_ரவி

எல்லாருக்கும் நன்றி, அப்டேட் குடுக்கறேன். குப்பியை பெட்டியில சேக்கல. பழைய 500 லிட்டர் தண்ணி டேங்க் ஒண்ணை பாதியா வெட்டி தொட்டியாக்கி நிழல் ஷெட்டுக்கு பக்கத்துல வச்சாச்சு, கேன்டீன்ல இருந்து தினம் ரெண்டு மூட்டை ஐஸ். வியாழக்கிழமை டூல்பாக்ஸ் மீட்டிங்ல (வேலை தொடங்கறதுக்கு முந்தி நடக்கற சேஃப்டி கூட்டம்) தார்ப்பாய் பயிற்சி பண்ணோம், நானே படுத்தேன், நாலு மூலைக்கு நாலு பேரு, தலையை பிடிச்சது ஷிஃபு. ஐஸ் தண்ணி முதுகுல பட்டதும் மூச்சே நின்ன மாதிரி இருந்துச்சு, ஆனா ஒரு நிமிஷத்துல உடம்புல இருந்த வெக்கை எங்க போச்சுன்னே தெரியல.

ஷிஃபுகிட்ட போன்ல மொழிபெயர்ப்பு வச்சு யின் ஷு யாங் ஷு பத்தி கேட்டேன். அவரு ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு, அப்புறம் தன் அம்மா வயல்ல விழுந்தவங்களுக்கு கிணத்து தண்ணி தான் ஊத்துவாங்க, குப்பி எல்லாம் டவுனுக்கு வந்தப்புறம் பழகினதுன்னு சொன்னாரு. மறுநாள்ல இருந்து வீட்டுல இருந்து பெரிய ஃபிளாஸ்க்ல பச்சைப்பயறு தண்ணி கொண்டு வராரு, முழுப்பயறை லேசா கொதிக்க விட்டு பருப்பு உடையறதுக்கு முன்னாடி வடிச்ச தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு. பசங்க போட்டி போட்டு குடிக்கறாங்க. நாங்க கேம்ப்ல செஞ்சு பாத்தா மட்டும் பச்சையா வரல, செம்மண் கலர்ல வருது. பயறு கெட்டதா?

குவாங்சோ_ஜவுளி

பயறு நல்லா தான் இருக்கும். தோல்ல இருக்கற சத்து காத்தும் குழாய் தண்ணியும் பட்டு சிவக்குது, அவ்வளவு தான், மூடி போட்டு கொதிக்க விடுங்க, தண்ணியில முதல்லயே ஒரு அரை எலுமிச்சை பிழிஞ்சிடுங்க, பச்சையாவே நிக்கும். பத்து நிமிஷத்துக்கு மேல அடுப்புல விடாதீங்க.

மணமேல்குடி_ரவி

சரிண்ணே, நாளைக்கு காலையில தேக்கா மார்க்கெட் போற பசங்ககிட்ட எலுமிச்சை சொல்லி விடறேன். மீதி வெந்த பயறை தேங்கா துருவி சுண்டலா தாளிச்சுக்கறோம்.